செத்துப்போன பெட்ரோல்

"காலங்காலமா இப்படித்தான் செய்றோம்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மோனிக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கிவிடுவார். துடைக்கும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டார். கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியதும் பேச்சு தொடங்கும். அதன்பிறகு அவரை நிறுத்துவது கடினம். ஜெலுத்தோங்கில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் பாதிப் பேருக்கு இது முன்பே தெரியும். மீதிப் பேர் சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலையில் தெரிந்துகொண்டார்கள்.

எல்லாம் பழைய பெட்ரோலால் வந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் வேலை இழந்த குடும்பங்களுக்காக அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பொதுச் சமையல் நடந்தது. யாரோ ஒரு ஜெனரேட்டரை நன்கொடையாகக் கொடுத்தார்கள். அதற்காக ஐந்து பெரிய கேன்களில் பெட்ரோல் வாங்கிக் குப்பை அறைக்குப் பக்கத்திலிருந்த சாமான் அறையில் வைத்தார்கள். நோய் போனது, சமையல் நின்றது, அறைக்குப் பூட்டு விழுந்தது. பெட்ரோலை எல்லோரும் மறந்துபோனார்கள். மேசைப்பந்து மேசை போட இடம் வேண்டுமென்று இளைஞர்கள் கேட்டபோதுதான் பூட்டைத் திறந்தார்கள். திறந்ததும் பழைய வார்னிஷ் போன்ற புளித்த நெடி ஆளைத் தள்ளியது.

குடியிருப்போர் குழுவின் தலைவர் குணாளன் துறைமுகத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய்ப் பந்தல் போட நிற்பவர். நல்ல மனிதர், அதில் மோனிக்காவுக்கே ஐயமில்லை. ஆனால் நல்ல மனிதர்கள் போடும் முட்டாள்தனமான தீர்மானங்களை எதிர்ப்பதுதான் உலகத்திலேயே கடினமான வேலை என்று மோனிக்கா சொல்வார். கெட்டவனை எதிர்த்தால் கை தட்ட நாலு பேர் வருவார்கள். நல்லவரை எதிர்த்தால் நாம்தான் கெட்டவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் குணாளன் விஷயத்தை முடித்தே வைத்துவிட்டார்.

"ஜெனரேட்டர்ல ஊத்திப் பாத்தேன்லா. ரெண்டு தரம் இருமிச்சு, நின்னுருச்சு. நாலஞ்சு வருசமாச்சு, பெட்ரோல் செத்துப்போச்சு. சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் இருக்குல்ல, எல்லாரும் சேர்ந்து கூட்டிப் பெருக்குறப்ப அப்படியே லோங்காங்ல ஊத்தி விட்ருவோம். கொசுவும் சாவும். டெங்கி வேற பரவுது."

லோங்காங் என்று அவர் சொன்னது கட்டடத்தின் பின்பக்கம் ஓடும் வடிகாலை. மேலே சிமெண்டுப் பலகை போட்டு மூடியது. சாமான் அறைக்குப் பின்னால் தொடங்கி, கட்டடத்தின் நீளத்துக்கும் ஓடி, மறுமுனையில் ஓர் இரும்புக் கம்பி வலைக்கு அடியில் திறந்து கிடக்கும்.

"அண்ணே, அது பெட்ரோல்" என்றார் மோனிக்கா.

"ஆமா, நான் என்ன பாலுன்னா சொன்னேன்?"

கூட்டம் சிரித்தது. குழுவில் மோனிக்காவைத் தவிர எல்லோரும் ஆண்கள். சிரிப்பு அடங்கும்வரை மோனிக்கா கண்ணாடியைத் துடைத்தார்.

"லோங்காங்ல ஊத்துனா ஆவி உள்ளுக்குள்ளயே ஓடும். ஹபீபா கடை எங்க இருக்கு? அந்தக் கம்பி வலை மேலதான அடுப்பு வச்சிருக்கா?"

"அட, செத்த பெட்ரோலுக்கு ஏதும்மா ஆவி?" என்றார் குணாளன். மறுபடி சிரிப்பு. பிறகு அவர் குரல் கொஞ்சம் கனிந்தது. "இந்தா பாரு மோனிக்கா, எங்க தாத்தா தோட்டத்துல என்ன வேலை பாத்தாரு தெரியுமா? கொசு எண்ணெய் அடிக்கிற வேலை. முதுகுல டின்னைக் கட்டிக்கிட்டு, ஒரு லோங்காங் விடாம, ஒரு குட்டை விடாம அடிச்சவரு. மலேரியாவ வெரட்டுனது தொர இல்ல, டாக்டரும் இல்ல. எங்க தாத்தா மாதிரி ஆளுங்க. காலங்காலமா நம்ம ஆளுங்க செஞ்ச வேலை இது."

இதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. மலாய் நாட்டுத் தோட்டங்களில் காய்ச்சலில் செத்த தமிழர்களுக்குக் கணக்கு வைத்தவர் யாருமில்லை. சாகாமல் காப்பாற்றிய தமிழர்களுக்கும் யாரும் மாலை போடவில்லை. குணாளன் அந்தப் பெருமையைத் தூக்கிச் சுமந்தது சரி. அதைக் கொண்டுவந்து பெட்ரோல் கேன்மீது வைத்ததுதான் பிழை.

"தாத்தா அடிச்சது வேற எண்ணெய்ண்ணே. அது கனமா இருக்கும், தண்ணி மேல படுத்துக் கிடக்கும். இது எந்திரிச்சு நடக்கும்."

"எந்திரிச்சு நடக்குமா? பேயா இது?"

இந்த முறை சிரிப்பு நெடுநேரம் அடங்கவில்லை. தீர்மானத்துக்கு மோனிக்காவின் கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. யார் ஊற்றுவது என்ற கேள்விக்கு விவாதமே எழவில்லை.

"ஷோஃபிக்கிட்ட சொல்லிக்கலாம்" என்றார் பொருளாளர்.

ஷோஃபிக் அந்த அடுக்குமாடியைத் துப்புரவு செய்யும் வங்காளதேசத்துத் தொழிலாளி. கூலிக்கு ஆள் அனுப்பும் ஒரு குத்தகைக்காரரிடம் வேலை. வேலை அனுமதிச் சீட்டு குத்தகைக்காரர் கையில். வங்கிக் கடனோடு கடல் கடந்து வந்த ஒருவன் "மாட்டேன்" என்று சொல்ல என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் யோசிக்கவில்லை. மேலே போன கைகளில் கேனைத் தூக்கப்போகிற கை ஒன்றுமில்லை. அநியாயம் எப்போதும் கொடுமைக்கார முகத்தோடு வருவதில்லை. டீயும் பிஸ்கெட்டும் வைத்து, கை உயர்த்தி, சிரித்துக்கொண்டும் வரும்.

மறுநாள் காலை மோனிக்கா மாடிப்படியில் ஷோஃபிக்கைப் பிடித்தார். இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்; அக்கா என்பதற்கு அவன் 'காக்' என்பான்.

"சனிக்கிழமை உன்னை என்ன செய்யச் சொன்னாங்க, தெரியுமா?"

"தெரியும், காக். எண்ணெய் ஊத்தணும்."

"எண்ணெய் இல்லை. பெட்ரோல்."

ஷோஃபிக் துடைப்பத்தை நிறுத்தினான். சாமான் அறையின் பக்கம் ஒரு முறை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "போஸ் சொன்னா செய்யணும், காக்" என்றான்.

மோனிக்கா அங்கிருந்து நேரே ஹபீபா பீவியின் கடைக்குப் போனார். கட்டடத்தின் கோடியில், கம்பி வலைக்கு மேலே, தகரக் கூரை போட்ட கடை அது. ஹபீபா வறுக்கும் மீ கோரேங் நூடுல்சுக்காகச் சனிக்கிழமைகளில் பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்து வரிசையில் நிற்பார்கள். காலையில் அடுப்பு பற்றினால் மதியம்வரை அணையாது.

"ஹபீபா, சனிக்கிழமை ஒரு நாள் கடைய சாத்திடேன்" என்றார் மோனிக்கா. காரணத்தையும் சொன்னார்.

ஹபீபா கரண்டியை வாணலியில் டங்கென்று தட்டினார். "நான் எதுக்குக்கா சாத்தணும்? ஊத்துறது அவங்க. ஊத்த வேணாம்னு அவங்களுக்குச் சொல்லுங்க."

"சொன்னேன். சிரிச்சாங்க."

"அப்ப இன்னும் சத்தமா சொல்லுங்க! உங்களுக்கா குரல் இல்ல?"

மோனிக்காவுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. தப்பு செய்பவன் ஒதுங்க மாட்டான், தப்பால் அடிபடுபவள் ஒதுங்க வேண்டும் என்று தான் எப்படிக் கேட்டோம் என்று தன்னையே கடிந்துகொண்டார்.

அந்தக் குரல் எங்கே பழுத்தது என்று சொல்ல வேண்டும். மோனிக்கா புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் கேட் காவலாளி. பத்தொன்பது வயதில், விடியும் முன்னே ஃபேக்டரி பேருந்து ஏறி, கடல் பாலத்தைக் கடந்து தீவிலுள்ள பாயான் லெப்பாஸுக்குப் போகத் தொடங்கினார். மின்னணுப் பொருள் செய்யும் ஆலை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே. அங்கே ஒரு பருவத்தில் பெண்கள் வரிசையாக மயங்கி விழுந்தார்கள். ஒருத்தி கத்திக்கொண்டே விழுந்தாள். இடத்தில் பேய் இருக்கிறது என்ற பேச்சு பரவியது. நிர்வாகம் என்ன செய்தது? மந்திரவாதியை அழைத்து வந்தது. ஆடு வெட்டினார்கள். அடுத்த வாரம் இன்னொருத்தி விழுந்தாள். ஆடு போதவில்லை என்றார் மந்திரவாதி.

மோனிக்கா பேயை நம்பாதவர் என்பதில்லை, அப்போது. பயம் அவருக்கும் இருந்தது. ஆனால் விழுந்தவர்கள் எல்லோரும் ஒரே மேசைக்காரர்கள் என்பது அவர் கண்ணில் பட்டது. பாகங்களைத் திரவத்தில் கழுவும் மேசை அது. பேய்க்கு மேசை பார்த்து ஆள் பிடிக்கும் வழக்கம் உண்டா? ஒரு நாள் இடைவேளையில் அவர் அந்த மேசைமேல் ஏறி, காற்றை வெளியே இழுக்கும் விசிறியின் துவாரத்தருகே ஒரு மெல்லிய தாளைப் பிடித்தார். தாள் அசையவில்லை. குளிர்சாதனக் காற்று வீணாகிறதென்று யாரோ உள்ளே அட்டையைத் திணித்து அடைத்திருந்தார்கள். அந்தத் திரவத்தின் ஆவியைப் பெண்கள் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அட்டைய எடுங்க, இல்லன்னா இந்த மேசையில யாரும் உக்கார மாட்டோம்" என்று மேசைமேல் நின்றபடியே கத்தினார். வேலை போகும் என்று மிரட்டினார்கள். கழுவும் மேசைப் பெண்கள் எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றார்கள். அட்டை வெளியே வந்தது. அதன்பிறகு யாரும் விழவில்லை. விசிறிக்குப் பயந்து ஓடிய ஒரே பேய் அதுவாகத்தான் இருக்கும் என்று மோனிக்கா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு நிர்வாகமே அவரைத் தீயணைப்புக் குழுவில் சேர்த்தது. மேற்பார்வையாளராகி, ஓய்வு பெறும்வரை அந்தக் குழுவை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கணவர் ரேமண்டோடு தேவாலயத்துக்குப் போவார், பாட்டுக்காக. பிரசங்கம் தொடங்கியதும் வெளியே வந்து மரத்தடியில் நிற்பார். "ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று ரேமண்ட் கேட்டால், "ஆண்டவருக்கும் பிரசங்கம் பிடிக்காமத்தான் இருக்கும்" என்பார்.

அந்த வாரம் முழுக்க மோனிக்கா தொலைபேசியும் கையுமாக இருந்தார். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, வேறு வழியையும் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது. அந்த இன்னோர் அலுவலகம் முதல் அலுவலகத்தையே திருப்பிக் காட்டியது. பெட்ரோல் நிலையத்தில் விற்பார்களாம், திருப்பி வாங்க மாட்டார்களாம். கடைசியில் பழைய ஆலையில் தன் கீழே வேலை பார்த்த லைலாவை அழைத்தார். லைலா இப்போது அங்கே பாதுகாப்புப் பிரிவில் பொறுப்பில் இருக்கிறாள்.

"அக்கா, வெளிக் கழிவு ஒரு சொட்டுகூட உள்ள எடுக்க முடியாது. என் வேலை போயிரும்" என்றாள் லைலா. "ஆனா எங்க கழிவ ஏத்திட்டுப் போற கம்பெனி நம்பர் தர்றேன். லைசென்ஸ் உள்ளவங்க. பேசிப் பாருங்க."

பேசினார். ஐந்து கேனுக்கெல்லாம் லாரி வராது என்றார்கள். நிறைய இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். வெள்ளிக்கிழமை மாலைவரை மோனிக்காவிடம் வழி எதுவும் இல்லை. "கூடாது" என்ற ஒரே சொல்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை ஒலிபெருக்கியில் பாட்டு போட்டார்கள். துடைப்பம், வாளி, மண்வெட்டியோடு ஆட்கள் இறங்கினார்கள். ஹபீபாவின் அடுப்பு பற்றியிருந்தது, வரிசை நீண்டிருந்தது. சாமான் அறைக்குப் பின்னால் வடிகாலின் பலகையை ஒருவர் நெம்பித் தூக்கிவைத்தார். ஷோஃபிக் முதல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

திறந்த வடிகாலின்மேல் குறுக்காக ஒரு பலகை. பலகைமேல் பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் மோனிக்கா.

ஷோஃபிக் நின்றுவிட்டான். அவன் முகத்தில் தெரிந்தது பயமா நிம்மதியா என்று சொல்வது கடினம்.

"கேனைக் கீழே வச்சிட்டுத் தள்ளி நில்லு" என்று மலாயில் சொன்னார் மோனிக்கா. "நான் உன்னை வைக்கச் சொன்னேன்னு போஸ்கிட்ட சொல்லு."

குணாளன் வேகமாக வந்தார். பின்னாலேயே கூட்டம்.

"என்னாம்மா இது? எந்திரி."

"மாட்டேன்."

"ஜனங்க சிரிக்கிறாங்க மோனிக்கா."

"சிரிக்கட்டும்ண்ணே. உசுரு இருந்தாத்தான சிரிக்க முடியும்."

"கூட்டத்துல முடிவு பண்ணியாச்சு! நீயும் உக்காந்துதான இருந்த?"

"அங்கயும் உக்காந்து வேணாம்னுதான் சொன்னேன். இங்கயும் உக்காந்து அதைத்தான் சொல்றேன்."

ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தார்; மோனிக்கா கண்ணாடியைச் சரி செய்து, "நல்லா எடுங்க, என் வலது பக்கம் நல்லா விழும்" என்றார். அப்போது ரேமண்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி. மனைவியிடம் கொடுத்துவிட்டு, "இன்னொரு நாற்காலி கொண்டு வரவா, இல்ல நான் நின்னுக்கவா?" என்று கேட்டார். இந்த முறை கூட்டம் ரேமண்டோடு சிரித்தது. குணாளனுக்குக் கோபம் ஏறிவிட்டது.

"செத்துப்போன பெட்ரோலுக்கா இந்தக் கூத்து? ஏம்மா, அதுல நெருப்பக் கொண்டாந்து வச்சாலும் பத்தாதுலா!"

மோனிக்கா கோப்பியை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். எழுந்தார்.

"அப்படியா? அப்ப வச்சுக் காட்டுங்க. பத்தலைன்னா நானே ஊத்துறேன்."

பூப்பந்துத் திடல் கட்டடத்திலிருந்து விலகி வெட்டவெளியில் இருக்கிறது. மாடிப்படியிலிருந்த தீயணைப்பானைக் கழற்றி வரச் சொன்னார். நனைத்த சாக்கு, ஒரு வாளி மணல். எல்லோரையும் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார். சாமான் அறையில் பழைய கூரைத் தகர வாய்க்கால் ஒன்று கிடந்தது. அதை எடுத்து வந்து, ஒரு முனையைச் செங்கல்மேல் உயர்த்தி, மறுமுனையைத் தரையில் தாழ்த்திச் சாய்வாக வைத்தார். உயர்ந்த முனையில் ஒரு காலி சார்டின் மீன் டின். டின்னில் அந்தப் புளித்த பெட்ரோல், ஒரு கரண்டியளவு. கேனைத் தானே தூக்கிச் சென்று எட்ட வைத்துவிட்டு வந்தார்.

"நல்லாப் பாத்துக்குங்க. இதுதான் நம்ம லோங்காங். அந்த மேல் முனை ஸ்டோர். இந்தக் கீழ் முனை ஹபீபா அடுப்பு. கீழ ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கா? வந்து தொட்டுப் பாருங்கண்ணே."

குணாளன் குனிந்து தொட்டார். தகரம் காய்ந்திருந்தது.

"இல்ல."

"சரி. கொஞ்சம் பொறுங்க. அதுக்கு நடக்க நேரம் வேணும்."

சன்னல்களில் துணி காயப்போடும் மூங்கில் கழி ஒன்றை யாரோ கொண்டுவந்தார்கள். அதன் நுனியில் துணி சுற்றிப் பற்றவைத்து, குணாளனிடமே நீட்டினார் மோனிக்கா. "நீங்களே வைங்கண்ணே. நான் வச்சா மந்திரம் போட்டேன்னு சொல்வாங்க. டின்கிட்டப் போகாதீங்க. கீழ் முனையில, காலியா இருக்கிற எடத்துல வைங்க. கழியோட கடைசியப் பிடிங்க."

குணாளன் கூட்டத்தைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். பந்தலுக்குக் கால் நடுபவரின் நம்பிக்கையோடு கழியை நீட்டி, தகரத்தின் காலி முனையில் நெருப்பை வைத்தார்.

எதுவும் இல்லாத இடத்தில் நீலமாக ஒன்று எழுந்தது. எழுந்த வேகத்தில் சாய்வில் மேல்நோக்கி ஓடியது. ஓடி டின்னை அடைந்ததும் 'பக்'கென்று ஒரு மூச்சு, ஆள் உயரத்துக்கு மஞ்சள் தீ. குணாளன் கழியைப் போட்டுவிட்டுப் பின்னால் குதித்தார். கோட்டுக்கு வெளியே நின்றவர்களும் ஓரடி பின்வாங்கினார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு மட்டும் தானாகப் பாடிக்கொண்டிருந்தது.

"யா அல்லா! கீழ் முனை என் கடையில்ல?" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஹபீபாவின் குரல் வந்தது. "குணாளண்ணே! என்னை வறுக்கவா பாத்தீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. மோனிக்கா நனைந்த சாக்கைப் போட்டுத் தீயை மூடினார். குணாளன் ஷோஃபிக்கைப் பார்த்தார். கேனைத் தூக்கிக்கொண்டு அந்த வடிகாலின்மேல் குனிந்து நிற்க வேண்டியவன் அவன்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"தாத்தா..." என்று தொடங்கினார்.

மோனிக்கா அவர் அருகே போனார். வென்றவரின் குரல் இல்லை அது. "தாத்தா சரியாத்தான் செஞ்சாருண்ணே. அவர் கையில இருந்தது என்ன எண்ணெய்னு அவருக்குத் தெரியும். நம்மதான் பாக்காம விட்டுட்டோம். இஞ்சின் ஓடலைன்னா பெட்ரோல் கெட்டுப்போச்சுன்னுதான் அர்த்தம். நெருப்ப மறந்துபோச்சுன்னு அர்த்தமில்ல."

"அப்ப எங்கதாம்மா ஊத்துறது இத?"

"எங்கயும் ஊத்த முடியாது. லோங்காங்ல கூடாது, மண்ணுல கூடாது, குப்பையில கூடாது. ஏத்திட்டுப் போக லைசென்ஸ் லாரி இருக்கு. அஞ்சு கேனுக்கு வர மாட்டேங்கறான்."

கூட்டத்தில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். புல் வெட்டும் வேலை செய்பவர். தன்னிடமும் எண்ணெய் கலந்த பழைய பெட்ரோல் போத்தல்களில் இருக்கிறது என்றார். இதுவரை என்ன செய்தீர்கள் என்று மோனிக்கா கேட்டார். அவர் வடிகாலைப் பார்த்தார். இன்னொருவர், இரண்டு வருடமாக ஓடாத மோட்டார் சைக்கிளின் டேங்க் நிறைய இருக்கிறது என்றார். அடுத்த தெருவில் இஸ்மாயில் பட்டறையில் ஒரு பீப்பாயே கிடக்கிறது, அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார்கள். ஒவ்வொருவராக வாயைத் திறக்கத் திறக்க, அந்த வட்டாரத்து வடிகால்கள் இத்தனை நாள் எதையெல்லாம் குடித்திருக்கின்றன என்பது வெளியே வந்தது. எல்லோரும் தனித்தனியே, சத்தமில்லாமல், மற்றவர் செய்கிறார் என்ற தைரியத்தில் செய்த காரியம். காலங்காலமாக என்று நாம் பெருமையோடு சொல்லும் பலவற்றின் கதை இதுதான்.

"அப்ப அஞ்சு கேன் இல்லையே" என்றார் மோனிக்கா. அவர் கை ஏற்கெனவே தொலைபேசியைத் தேடிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு வந்த வாரங்களில் அவர் தெருத் தெருவாகப் போனார். பட்டறைகள், புல் வெட்டுபவர்கள், படகு இஞ்சின் வைத்திருப்பவர்கள். குணாளனும் கூடவே போனார். முதல் நாள் வாய் திறக்காமல் பின்னால் நடந்தவர், மூன்றாவது பட்டறையில் தானே முன்னால் போய், "அண்ணே, தகரத்துல வச்சு நான் கண்ணால பாத்தேன், நீங்களும் பாக்கணுமா?" என்று தொடங்கிவிட்டார். கதை சொல்லச் சொல்லத் தீயின் உயரம் வளர்ந்தது. இரண்டாம் மாடிவரை போனதாக அவர் ஒரு கடையில் சொன்னபோது மோனிக்கா திருத்தவில்லை. ஐந்து கேன்களும் திடலின் ஓரத்தில், நிழலில், பூட்டிய கம்பிக் கூண்டுக்குள் காத்திருந்தன. அந்தப் பக்கம் யாரும் சிகரெட் பிடிக்காதபடி குணாளனே காவல் பார்த்தார்.

லாரி வர ஒப்புக்கொண்டது ஒரு சனிக்கிழமைக்குத்தான். கையுறை போட்ட இரண்டு ஆட்கள் லாரியின்மேல் பீப்பாய்களைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். திடலிலிருந்து அதுவரை கேன்களைச் சுமந்து வர வேண்டும். பொருளாளர் பழக்கத்தில் சுற்றும்முற்றும் பார்த்து, "ஷோஃபிக் எங்க?" என்றார்.

மோனிக்கா கண்ணாடியைக் கழற்றவில்லை. துடைக்கவும் இல்லை. நேரே பார்த்தே சொன்னார்.

"அவனை எதுக்குத் தேடுறீங்க? வாங்குனது நம்ம. மறந்தது நம்ம. லோங்காங்ல ஊத்தலாம்னு முடிவு பண்ணுனதும் நம்ம. தூக்குறதுக்கு மட்டும் அவனா?"

பொருளாளர் குணாளனைப் பார்த்தார். குணாளன் ஏற்கெனவே கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கலா" என்றார் அவர் மற்றவர்களைப் பார்த்து. "மோனிக்கா சொன்னா சொன்னதுதான்."

குழு உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கேன்களைத் தூக்கினார்கள். வயிறு முன்னே தள்ள, சட்டை முதுகில் ஒட்ட, திடலிலிருந்து லாரிக்கு நடந்தார்கள். மாடிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். இஸ்மாயில் தன் பட்டறைப் பீப்பாயை வண்டியில் உருட்டிக்கொண்டு வந்தார். புல் வெட்டுபவர் போத்தல்களைக் கூடையில் கொண்டுவந்தார். மோனிக்கா கம்பிக் கூண்டின் அருகே நின்று ஒவ்வொன்றும் போவதைப் பார்த்தார். மேசைமேல் ஏறிக் கத்திய அந்தப் பெண் இந்த அறுபதை நெருங்கும் உடம்பில் இன்னும் இருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. பெருமையாக இருந்தது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை. மறைக்க வேண்டிய பொருளா அது?

கடைசிக் கேன் ஏறியதும் லாரி புறப்பட்டது. குணாளன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குழுவைக் கூட்டிக்கொண்டு ஹபீபாவின் கடைக்குப் போனார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கம்பி வலைக்கு மேலே, அதே இடத்தில், அதே நீலச் சுடர். அதற்கு முன்னாலிருந்த மேசையில் ஷோஃபிக் உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமைக் காலையில் துடைப்பம் இல்லாமல் அவனை அங்கே பார்த்தவர் யாருமில்லை.

"ஹபீபா, எங்களுக்கு அஞ்சு மீ கோரேங், சீக்கிரம். தூக்கித் தூக்கி இடுப்பே போச்சு" என்றார் குணாளன்.

ஹபீபா திரும்பிப் பார்க்கவில்லை. வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றினார்.

"நில்லுங்கண்ணே. முதல்ல வந்தவருக்குத்தான் முதல்ல" என்றார். தட்டை ஷோஃபிக்கின் முன்னால் வைத்தார்.